அடுப்பு ஏறாத இனிப்பு

1

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மதினி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ராசம், ஈஸ்டர் வருதுல்ல. போன வருசம் செஞ்சியே அந்த டிப்பு, அதையே செஞ்சிரு. எல்லாரும் அதைத்தான் கேக்காக."

நான் சரி என்றேன். இந்த வீட்டில் நான் பேசும் பேச்சில் பாதி 'சரி'தான். மீதியில் பாதி 'சாப்பிட வாங்க'. அவள் போன பிறகு காலைப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்க்காரர்களுக்குப் பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதுவார்கள். பனி வெள்ளையாக இருக்கும், ரயில் நேரத்துக்கு வரும். அதில் எழுத வேறு ஒன்றும் இல்லை. நான் டிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் நிறைந்த ஓர் ஊர். அண்ணன் இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். மதினி, அதாவது அண்ணன் மனைவி கமலம், மல்லாங்கிணற்றுக்காரி. அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுமி பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவன் என் இடுப்பில் இருக்கிறான். நான் அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவள் என்பதால் தறிச் சத்தம் ஒன்றுதான் இந்த ஊரில் எனக்கு முன்பே தெரிந்தது.

டிப் என்றால் ஒரு கிண்ணம் நிறையக் கெட்டியான இனிப்பு. அதை நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்து அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். கடித்த பிஸ்கட்டையே மறுபடியும் தோய்ப்பவர்கள் உண்டு. ஊரில் இருக்கும் நீங்கள் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பீர்கள். ஒரே கிண்ணத்தில் ஊர் எச்சில். தம்ளரில் வாய் வைத்துக் குடித்ததற்கு எங்கள் வீட்டில் நான் அடி வாங்கியிருக்கிறேன். இங்கே வந்த நம் ஆட்கள் எச்சில் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அதை விட்டவர்கள் எல்லாவற்றையும் விட்டிருப்பார்கள் என்று நானும் நம்பினேன்.

2

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் நூல் கடை. அறுபத்தைந்தில் என்னைத் திருச்சுழிப் பக்கம் வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். எல்லாம் வானம் பார்த்த கரிசல் நிலம். மறு வருடமே அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், இனி முடியாது என்று தெரிந்த பிறகு மதுரை பஸ்ஸில் ஏற்றினார்கள். மனிதர் நல்லவரா கெட்டவரா என்று நான் தெரிந்துகொள்ளும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் மஞ்சள் கண்கள் மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

பதினாறாம் நாள் என் வளையலை உடைத்தவள் பாலவனத்தத்திலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி. அவளும் தாலி அறுத்தவள், அதனால் அந்த வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய மகள் புஷ்பம் அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. நல்லது கெட்டது தெரியாமல் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடி வரை தெறித்து வந்த கண்ணாடித் துண்டுகளை அவள்தான் பொறுக்கிப் போட்டாள். மறு வாரம் என் டிரங்குப் பெட்டியோடு என்னை அருப்புக்கோட்டையில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் கூட்டத்தில் அறுத்தவள் மறுபடி கட்டுகிற வழக்கம் இல்லை.

பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்குத் துள்ளுமாவு செய்வது உங்களுக்குத் தெரியும். பச்சரிசியை ஊறவைத்து இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கையால் பிசைகிற மாவு. அது அடுப்பில் ஏறாத பண்டம், அதனால்தான் அதற்கு அவ்வளவு கட்டுப்பாடு. சோறு குழம்பு யார் வைத்தாலும் நெருப்பு எல்லாவற்றையும் எரித்துவிடும். துள்ளுமாவு கையிலிருந்து நேராக வாய்க்குப் போகிறது, பிசைகிறவளின் தலையெழுத்தும் அதோடு சேர்ந்து போகும் என்று எங்கள் வீட்டில் கணக்கு. நான் அரிசி இடிக்கலாம், சலிக்கலாம். அம்மா வெல்லத்தை எடுத்ததும் எழுந்துவிட வேண்டும்.

"ராசம், நீ எந்திரிச்சுப் போத்தா" என்பாள்.

அம்மா அதை ஒரு நாளும் கோபமாகச் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். தெருவில் அக்கினிச்சட்டிக்காரர்கள் போகும்போது மேளச் சத்தம் மட்டும் கேட்கும். கை முழுக்க அரிசி மாவு இருக்கும், கழுவக்கூடத் தோன்றாது.

3

எழுபத்தொன்றில், சின்னவன் பிறக்கப் போகிறான் என்றதும், அண்ணன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணனை விட்டால் வேறு ஆதரவு இல்லாத விதவைத் தங்கை என்று எழுதித்தான் அனுமதி வாங்கினார்கள். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள், அதனால் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை.

அந்த அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். முதல் தடவை போனபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரி காகிதத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐ ஆம் சாரி" என்றாள். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்தில் சாரி என்பது பஸ்ஸில் காலை மிதித்தவர்கள் சொல்வது. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அண்ணன்தான் அர்த்தம் சொன்னார். என் புருஷன் செத்ததற்கு என்னிடம் வருத்தம் சொன்ன முதல் ஆள் அவள். ஊரில் எல்லாரும் அவருடைய அம்மாவிடம்தான் சொன்னார்கள். என்னைப் பார்த்து 'இவ வந்த நேரம்' என்றார்கள்.

இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஈஸ்டர் திங்கட்கிழமை எல்லாருக்கும் விடுமுறை, பங்குனியை ஒட்டி வருவதால் அதையே பங்குனிப் பொங்கல் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டில் கூடுவார்கள். நான் வந்த வருடம் அவர்கள் கார் வாசலில் நின்றபோது, மதினி என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போனாள். தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தாள்.

"இங்க யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். நீயும் மனுசிதான?" என்றாள்.

நான் அழுதேன். இப்படி ஒரு மனசா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று வந்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மாளை எல்லாரும் பெரியம்மா என்பார்கள். அவர் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்க, நான் வாய் திறக்கும் முன் மதினி, "ஊர்ல நூல் கடையைப் பாத்துக்கிடுதாக. கடையை விட்டுட்டு வர முடியலை" என்றாள். அன்று நான் கொண்டுபோன தட்டை எல்லாரும் முகம் கோணாமல் வாங்கினார்கள். நான் ஊற்றிய காப்பியைக் குடித்தார்கள். கலர் சேலை, நெற்றியில் பொட்டு, ஸ்வெட்டருக்குள் ஒரு கவரிங் சங்கிலி. கழுத்தில் தொங்குவது தாலியா என்று குளிர் நாட்டில் யார் பார்க்கிறார்கள்?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை.

4

வேலுச்சாமிக்குக் கமுதி. இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். தங்கச்சிகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தொழிற்சாலையில் சகாயமாகக் கிடைக்கும் உடைந்த பிஸ்கட்டை ஒரு டின் நிறையக் கொண்டுவருவார். டின்னைச் சுமியிடம் கொடுக்க மாட்டார், மதினியிடம் கொடுக்க மாட்டார். நேரே சமையலறைக்கு வந்து என் கையில் கொடுப்பார்.

"இதுல கிரீம் வச்சது நாலஞ்சு கிடக்கு. பிள்ளைக பாக்குறதுக்கு முந்தி எடுத்துக்கங்க" என்பார்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கலாம். எனக்கு அதுவே அதிகமாக இருந்தது. அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தலையை இரண்டு தடவை சீவுவேன்.

போன வருடம் மாசி வாக்கில் ஒரு நாள் அவர் மதினியிடம் மனம் விட்டுக் கேட்டார். நான் காப்பித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"எனக்கு ஒரு பொண்ணு பாருங்க. சின்னப் பிள்ளையெல்லாம் வேணாம். அறுத்தவளா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லை. நல்ல மனுசியா இருந்தாப் போதும்."

"அதுக்கென்ன, பாத்தாப் போச்சு" என்றாள் மதினி. என்னிடமிருந்து காப்பியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். 

அவர் போன பிறகு அண்ணனும் அவளும் உள்ளறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் வீடுகளின் சுவர் அட்டை மாதிரி, எல்லாம் கேட்கும்.

"ஏன் கமலம், நம்ம ராசத்தைச் சொன்னா என்ன? நல்ல ஆளுதான அவரு" என்றார் அண்ணன்.

"சொல்லிட்டு? பிள்ளைகளை யாரு பாக்குறது? நான் வேலைய விட்டுட்டு உக்காரவா? வீட்டு லோனு இருக்கு, ஞாபகம் இருக்கா? இம்புட்டு நாளா புருசன் இருக்கான்னு சொல்லியாச்சு. இன்னைக்கு இல்லைன்னு சொன்னா, நம்ம வீட்டுல கை நனைச்சவுக எல்லாம் காறித் துப்புவாக."

அண்ணன் பேப்பரை விரித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. என் நெற்றியில் அவள் எதற்காகப் பொட்டு வைத்தாள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. வெள்ளைச் சேலையில் நான் இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் ஐயோ பாவம் என்று கேட்டிருப்பார்கள். இருக்கிற புருஷனுடைய மனைவியை யார் பெண் கேட்பார்கள்? ஊரில் அறுத்தவள் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். இங்கே அறுக்காதவள் என்று சொல்லி அதே இடத்தில் உட்காரவைத்திருக்கிறாள். சின்னவன் வாயைத் திறந்துகொண்டே இருந்தான், நான் ஊட்ட மறந்துவிட்டேன்.

அன்று முடிவு செய்தேன். வேலுச்சாமியிடம் நானே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் ஒருத்தி பேச்சை யார் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், புஷ்பம் வருகிற செய்தி வந்தது. ஆமாம், அதே பாலவனத்தத்துப் புஷ்பம். அவள் புருஷன் முருகேசனுக்கு அண்ணன் சொல்லித்தான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை கிடைத்திருந்தது. அவள் ஈஸ்டருக்கு முந்தின வாரம் வந்து சேருவதாக இருந்தது.

5

ஈஸ்டர் நெருங்கும்போது எங்கள் அடுப்பில் கேக் வேகவைக்கிற 'ஓவன்' பழுதாகிவிட்டது. கேக் போட முடியாது. மதினிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு டோரீன்தான், அடுப்பே வேண்டாம், நான் ஒன்று சொல்லித்தருகிறேன் என்றாள்.

டோரீனும் அறுத்தவள்தான். இந்த ஊரில் அறுக்க ஒன்றும் இல்லை, மோதிரத்தை இன்னும் போட்டிருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு நடனத்துக்குப் போகிறாள். இந்த ஊரில் உண்மையை நான் சொல்லியிருந்தது அவளிடம் மட்டும்தான். அதுவும் மூன்றே சொல்: "மை ஹஸ்பண்ட் டெட்." பிறகு ஏன் நீ இன்னொருத்தரைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. தமிழும் போதியிருக்காது.

அவள் சொல்லித்தந்தது இதுதான். ஒரு பொட்டலம் கிரீம் சீஸ், அது நம் ஊர்க் கட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதை நன்றாகக் குழைத்துக்கொண்டு ஒரு டின் இனிப்புக் கெட்டிப் பாலை ஊற்ற வேண்டும். எலுமிச்சம்பழச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பால் தானாகவே இறுகிக்கொள்ளும். அதுவரை தண்ணீராக ஓடியது சாறு விழுந்ததும் உறைந்து நிற்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மேலே பிஸ்கட்டை நொறுக்கித் தூவிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான்.

டோரீன் மரக்கரண்டி கொடுத்தாள். எனக்கு அது சரிப்படவில்லை. சீஸ் கட்டி கட்டியாக நின்றது. கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே விட்டுப் பிசைந்தேன். ஏலக்காயும் கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டேன். டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் விரலால் வழித்து நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அடுப்பு ஏறாத இனிப்பு ஒன்றில் என் கை இறங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது. யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. ஒரு கிண்ணத்துக்குப் போதுமானதை இரண்டு கிண்ணத்துக்குப் பிசைந்தேன்.

6

ஈஸ்டர் திங்கட்கிழமை மத்தியானம் எல்லாரும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கையில் சாக்லேட் முட்டை. இதில் நிஜ முட்டை கலந்திருக்குமா என்று பெரியம்மா கேட்டார், அவர் சைவம். டிப்பை நடுவில் வைத்து, வேலுச்சாமி கொண்டுவந்த பிஸ்கட்டை அதைச் சுற்றி அடுக்கினேன். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒருவர் தோய்த்தார். அதற்கப்புறம் கிண்ணத்துக்குள் கைகள் மோதிக்கொண்டன.

"கையால பிசைஞ்சதுங்களா?" என்று வேலுச்சாமி கேட்டார். "அதான் இந்த ருசி. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு." மதினி பக்கம் திரும்பி, "நான் சொன்னது என்னாச்சுங்க? எங்கயாவது பாத்தீகளா?" என்றார்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அமையணுமே" என்றாள் மதினி.

அப்போது வாசல் மணி அடித்தது. புஷ்பமும் முருகேசனும் வந்திருந்தார்கள். புஷ்பம் புதுக் கோட்டுக்குள் தொலைந்துபோனவள் மாதிரி நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு அவள் கண் என் நெற்றிக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா... நீங்க..."

"வா புஷ்பம், கோட்டைக் கழட்டு, உள்ள வா" என்று மதினி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

அந்த நிமிஷத்தை விட்டால் எனக்கு வேறு நிமிஷம் கிடைக்காது என்று தெரிந்தது. சாட்சி வீட்டுக்குள் வந்தாயிற்று. கேட்க வேண்டியவரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கையில் இருந்த பிஸ்கட் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்குப் புருசன் இல்லை. அவுக செத்து எட்டு வருசமாச்சு. நான் அறுத்தவ. புஷ்பத்தைக் கேளுங்க, அவ அம்மாதான் என் வளையலை உடைச்சது."

பிஸ்கட் வைத்திருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. பெரியம்மா வாயில் இருந்ததைக் காகிதக் கைக்குட்டையில் துப்பினார். அதை மடித்து மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "நல்ல நாளும் அதுவுமா..." என்று யாரோ சொன்னார்கள். நான் வேலுச்சாமியை மட்டும்தான் பார்த்தேன். அவர் பாதி எழுந்திருந்தார். அவர் முகத்தில் அருவருப்பு இல்லை, சத்தியமாக இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தார்.

மதினி கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் அழுதாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"நான் யாருகிட்டயும் சொல்லாம மறைச்சு வச்சிருந்தேன்" என்றாள். "இவளுக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லை. புருசனைப் பிரிஞ்சு வந்த ஏக்கம். இருந்தாப்புல இருந்து அவுக செத்துட்டாகன்னு சொல்ல ஆரம்பிச்சிருவா. ஊருக்கு எழுதக்கூட எனக்கு மனசு வரலை."

வேலுச்சாமி "அப்படியா டாக்டர்?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'இல்லை', அவர் அன்று எனக்குக் கொடுத்திருக்கலாம். "ஆமா" என்றார். "மாத்திரை குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அது பொய் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ வீட்டுக்காரர் இருக்காரா இல்லையா?" என்றார் பெரியம்மா. அவருக்கு அதுதான் தெரிய வேண்டும். எல்லாரும் புஷ்பத்தைப் பார்த்தார்கள்.

அவளும் அறுத்தவள் வளர்த்த பிள்ளை. தன் அம்மா கல்யாண வீடுகளில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவள். நான் அவள் கண்ணையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தன் புருஷனைப் பார்த்தாள், பிறகு மதினியைப் பார்த்தாள். முருகேசன் அவள் முழங்கையை லேசாகத் தொட்டான். ஆஸ்பத்திரி ஸ்டோர் வேலையும், மதினி பேசிப் பிடித்துக்கொடுத்த அறையும் எல்லாம் அந்தத் தொடுதலில் இருந்தன. புஷ்பம் மேசைக்குக் கிட்டே வந்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்தாள், என் கிண்ணத்தில் ஆழமாகத் தோய்த்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"இருக்காக" என்றாள். "நான் கெளம்பும்போதுகூடக் கடையில பாத்தேன். நல்லா இருக்காக. அக்காவை விசாரிச்சாக."

வீடே மூச்சு விட்டது. பெரியம்மா மடித்து வைத்திருந்த காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். எல்லாரும் எடுத்தார்கள். நான் அறுத்தவள் என்றால் மூன்று வருடமாக அவர்கள் என் கையால் சாப்பிட்ட அத்தனையும் தொண்டையில் வந்து நிற்கும். நான் பைத்தியம் என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. பைத்தியத்தின் கைக்குத் தீட்டுக் கிடையாது. கிண்ணத்தை வழித்து வழித்துத் தின்றார்கள். இரண்டாவது கிண்ணம் இருக்கிறதா என்று கேட்டார்கள், நான்தான் எடுத்துவந்து வைத்தேன்.

சுமி மதினியின் சேலையைப் பிடித்து இழுத்து ஆங்கிலத்தில் கேட்டாள், அத்தை பொய் சொன்னாளா என்று. ஆமாம் என்றாள் மதினி. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் மூலையில் நிற்கச் சொல்வார்கள் என்று சுமி என்னைப் பார்த்துச் சொன்னாள். அது என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை.

மதினியின் சாமர்த்தியத்தை நான் இன்றுவரை வியக்கிறேன். வேலுச்சாமி அறுத்தவளைக் கட்டத் தயாராக இருந்தவர். அதனால் அவருக்காகவே அவள் என்னைப் பைத்தியம் ஆக்கினாள். பைத்தியத்தைக் கட்ட எந்த ஆணும் தயாராக இல்லை, எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

போகும்போது வேலுச்சாமி சமையலறைக்கு வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தைகளிடம் பேசுகிற மெதுவான குரலில், "உங்க வீட்டுக்காரரை நான் விசாரிச்சதா எழுதுங்க" என்றார்.

7

ஐப்பசியில் அவர் கமுதிக்குப் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளை வேண்டாம் என்றவருக்குச் சின்னப் பிள்ளைதான் அமைந்தது. பெயர் செல்வி. அவருடைய அறையில் நாலு பேர் நிற்க இடமில்லை என்பதால் ஆரத்தி எங்கள் வீட்டு வாசலில்.

அன்று பார்த்து மதினி வீட்டுக்குத் தூரம். பெரியம்மா வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல். ஆரத்தி எடுக்க இரண்டு சுமங்கலி வேண்டும். புஷ்பம் ஒருத்தி, இன்னொருத்தி வேண்டும். தூரமான கையால் ஆரத்தித் தட்டைத் தொட்டுவிடக் கூடாதே என்று மதினி தள்ளி நின்றுகொண்டாள். தள்ளி நின்றுகொண்டே, "ராசம், நீ எடு" என்றாள்.

எடுத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரை வேலுச்சாமியின் முகத்துக்கு நேரே சுற்றினேன். அவர் என் தலைக்கு மேலே தெரிந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு வைக்கும்போது அவர் நெற்றி வியர்த்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் வைத்தேன். என் நிழல் பட்டாலே ஊரில் கல்யாண மாலையை மாற்றச் சொல்வார்கள், இங்கே நானே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இவுக எங்க நாத்தனா" என்று மதினி தூரத்திலிருந்தே அறிமுகம் செய்தாள். "வீட்டுக்காரரு ஊர்ல இருக்காக. இத்தன வருசம் பிரிஞ்சிருந்தும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு குறை சொல்ல மாட்டாக."

செல்வி உடனே என் காலில் விழுந்தாள். நல்ல வளர்ப்பு. "ஆசீர்வாதம் பண்ணுங்கக்கா" என்றாள். "உங்கள மாதிரி நானும் பூவும் பொட்டுமா இருக்கணும்."

அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் என்ன செய்தாள்? அது தெரிந்தும், அவள் தலையில் கையை வைத்து, நன்றாக அழுத்தி வைத்து, "என்னை மாதிரியே இரு தாயி" என்றேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. வேலுச்சாமி சிரித்தார், அண்ணன் சிரித்தார். எங்க ராசத்துக்கு எவ்வளவு தங்கமான மனசு என்று மதினி கண்ணைத் துடைத்தாள். புஷ்பத்தின் கையில் இருந்த குங்குமச் சிமிழ் மட்டும் கீழே விழுந்தது.

எல்லாரும் உள்ளே போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீக? அது என்ன பாவம் பண்ணுச்சு? சின்னப் பிள்ளைக்கா அது. மாத்திச் சொல்லிருங்கக்கா, இப்பவே போயி மாத்திச் சொல்லிருங்க."

"எதுக்கு மாத்தணும் புஷ்பம்?" என்றேன். "எங்க வீட்டுக்காரரைக் கடையில பாத்துட்டு வந்தவ நீதான. அவுக நல்லாத்தான இருக்காக?"

அவள் ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கி, தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு வந்தாள்.